பூவும் நாரும்

மக்கட்பிறப்பெடுத்தார் வாழ்நாளிற் பூவின் துணையின்றி நிகழும் நிகழ்ச்சிகள் மிகச் சிலவேயாம். தொட்டிலிடும் நாளிலும் பூ; மணப்பந்தரிலும் பூ; திருக்கோயிலிலும் பூ; ஈற்றிற் பாடையின் மீதும் பூ. மகிழ்ந்தார்க்கும் பூவையே கொடுக்கின்றோம். துயருற்றார் வீட்டிற்கும் பூவையே கொண்டு செல்கின்றோம். பட்டும் பொன்னும் துயர்வீட்டிற்குப் பொருந்தா. பூவொன்றே யாண்டும் பொருந்துவது. இவ்வாறு இன்பம் துன்பம் என்னும் இரண்டற்கும் ஒருபடித்தாய் இயைந்து நிற்கும் பொருள் பிறிதொன்று காண்டல் அரிது.

ஆயினும், அப் பூவோ காலையில் அலர்ந்து மாலையில் வாடும் இயல்பினது. இழப்பினால் நொந்த உள்ளம் நாடவேண்டுவது நிலையுடைய தொரு பொருளையன்றோ? அன்றைக்கன்றே இழக்கப்படுவதாகிய ஒன்றினால், இழந்தவன் ஆறுதல் பெறுவது யாங்ஙனம்? இவ்வினா எளியதுபோலத் தோன்றினும், அதன்கண் ஆன்மாவின் இயல்பும், கொடையின் இயல்பும், நம் நாட்டு வழக்கங்களுள் ஒன்றன் நன்மை தீமையும் அடங்கிக் கிடக்கின்றன. ஆதலின் இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் அறியவேண்டுவது, பூ நம்பொருட்டு மலர்வதன்று என்பது. ஜெர்மானிய அறிஞராகிய கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல் என்பார் 1793ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், இதழ்களின் நிறமும் கோடும் புள்ளியும் தேனிருக்கும் இடத்தைப் பூச்சிகட்குக் காட்டும் வழிகாட்டிகளாம் என்பதை நுணுகி ஆராய்ந்து காட்டினார். மாலையில் மலரும் பூக்கள் பல வெண்ணிறமும் மிகுமணமும் உடையவாயிருத்தலும் இக்காரணம் பற்றியதே. வெண்மை இருளிலும் புலப்படும். மணம் தொலைவிலும் செல்லும். இரவில் திரியும் அந்துப் பூச்சிகள் அவற்றை நாடிவந்து மகரந்தத்தைக் கொண்டு செல்லும். இன்னும், பூக்குந் தாவரங்கள் நிலவுலகில் தோன்றி ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள் ஆயின என்பதும், நம்மையொத்த மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆயின என்பதும் புதைபடிவங்களால் அறியக் கிடக்கின்றன. எனவே, மனிதன் பிறப்பதற்கு எத்துணையோ ஊழி முன்னரே பூ மலர்ந்தது. அவன் இல்லாவிடினும் மலரும். நமக்கு ஆறுதல் கூறவேண்டும் என்னும் கருத்து அதற்கில்லை.

அங்ஙனமாயின், பூவில் ஆறுதல் காண்பது மயக்க உணர்வு போலும் எனின், அதுவும் அன்று. இஸ்ரேல் நாட்டுக் கார்மேல் மலையிலுள்ள ரகேஃபெத் என்னும் குகையில் தொல்பொருளாய்வாளர் கண்ட பழைய புதைகுழிகள் சிலவற்றின் அடியிலும் பக்கத்திலும் பூந்தண்டுகள் பரப்பப்பட்டிருந்தமைக்குரிய பதிவுகள் ஈரமண்ணில் விழுந்து இறுகிக் கிடந்தன. 2013ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு, அக்குழிகள் ஏறத்தாழ 12,000 முதல் 14,000 ஆண்டுகட்கு முற்பட்டன என்று காட்டிற்று. உழவுத்தொழிலை முற்றக் கல்லாத அம்மக்கள், தம்மிற் பிரிந்தாரை வெறுநிலத்திற் கிடத்த மனம் பொறாது பூவின்மேற் கிடத்தினர். எழுத்தும் நூலும் இல்லாத காலத்தே இச்செயல் எழுந்ததாயின், இது மனித உள்ளத்தின் ஆழத்தே வேரூன்றியது என்பது தெளிவு. பூவிற் கருத்தில்லை; ஆனால் பூவைக் கையிலெடுக்கும் மனிதன்பாற் கருத்துண்டு. அக்கருத்து யாது என்பதே நாம் காணவேண்டுவது.

இதனைக் காண்டற்கு நம் தமிழ்நாட்டில் ஏற்ற இடம் கொல்லிமலையாம். 1997ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்தமைந்த நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடப்பது அம்மலை. இக்காலத்தே எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஊர்திகள் அதன்மேல் ஏறுகின்றன. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து, பலாவும் மிளகும் பேணி வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் அதன் மக்களாவர். வாளப்பூர் நாட்டில், ஐயாற்றங்கரையில், ஆகாயகங்கை யருவிக்கு அணித்தாக அறப்பள்ளீசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது. தேவார வைப்புத்தலங்களுள் ஒன்றாகிய இதன்கண் எழுந்தருளிய இறைவனை முன்னிலையாக வைத்தே அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடினார். அங்கே அம்மையின் திருப்பெயர் அறம்வளர்த்த நாயகி. ஆடிப்பதினெட்டாம் பெருக்கன்று அன்பர்கள் திரள்திரளாக வந்து அருவியாடி வழிபடுகின்றனர்.

அழகைப்பற்றி இருவேறு செய்திகளை இம்மலை நமக்குக் கூறுகின்றது. ஒன்று, கொல்லிப்பாவை பற்றியது. தெய்வத்தால் ஆக்கப்பட்டதாகச் சங்கச் செய்யுட்கள் பேசும் அப்பாவை, கண்டாரைத் தன் அழகினாற் கவர்ந்து கொல்லும் என்பது பழவழக்கு. மற்றொன்று, அம்மலைக்குரியனாகிய வல்வில் ஓரியின் கானத்துப் பூமணம் பற்றியது. தலைவியின் கூந்தல் மணத்திற்கு உவமை தேடிய பரணர், ஓரியின் கானத்தைத் தீண்டிவந்த காற்றின் மணத்தையே குறுந்தொகைச் செய்யுளொன்றில் எடுத்தோதினார். சிறுபாணாற்றுப்படையும் ஓரியைக் குறிக்குமிடத்து, மணமிக்க போதுகள் செறிந்த சுரபுன்னை மரங்களையுடைய நன்னாட்டைக் கூத்தர்க்கு ஈந்தவன் என்றே கூறுகின்றது. பாவையின் அழகு தன்பால் ஈர்த்துக்கொண்டு பின் விடாதது. பூவின் அழகோ தன்னை விட்டு நீங்கிக் காற்றோடு சென்று பிறர்க்கு ஆவது. ஒன்று கொள்ளும் அழகு. மற்றொன்று கொடுக்கும் அழகு. இவ்வேறுபாடு உளங்கொளத்தக்கது.

இனி, ஓரியைப்பற்றிய புறநானூற்றுச் செய்தி யொன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சிட்டு உதவிய அந்நூலில் 153ஆம் பாட்டு வன்பரணர் பாடியது. ஓரிபாற் சென்ற பாணர் சுற்றத்தார் யானைகளோடும் அணிகலங்களோடும் குவளை மலரையும் பெற்றனர் என்று அது கூறுகின்றது. ஆனால் அக்குவளை சுனையில் மலர்ந்ததன்று. கம்மியர் கையில் மலர்ந்தது. மணிகளால் இயற்றி வெள்ளிநாரில் தொடுத்த மாலை அது. அதனைப் பெற்றபின் அவர்க்குப் பசியில்லாதாயிற்று. பசி தீரவே இயங்கள் முழங்க ஆடவும் மாட்டாராயினர். பாடுதலையும் மறந்தனர் என்று புலவர் பாட்டை முடிக்கின்றார்.

புலவர் இதனை ஓரியின் வண்மைக்குச் சிறப்பாகவே கூறினார். பசித்தார் பசியைத் தீர்த்தல் அறங்களுள் தலையாயது. அதனைக் குறைகூறுதல் யார்க்கும் ஒவ்வாது. எனினும், அப்பாட்டை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படாமற் போகாது. வாடாத பூ கைக்கு வந்தவுடன் பாட்டு நின்றது. உயிரில்லாத அம்மலரில் தேனில்லை; வண்டில்லை; மணமில்லை; நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்னும் உறுதி ஒன்றேயுண்டு. வைத்துக்கொள்ளத்தக்க பொருள் காவலை வேண்டும். காவல் அச்சத்தை விளைக்கும். காரி என்பவன் ஓரியைப் போரிற் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்கு அளித்தான் என்பது அகநானூற்றால் அறியப்படுவது. மலைக்குரியவனே மாய்ந்தான். அவன் அளித்த மணிக்குவளையோ பாட்டினகத்தன்றி வேறெங்கும் காணப்படவில்லை. அவன் கானத்து மரங்களும் கொடிகளுமோ ஆண்டுதோறும் அரும்பி மலர்ந்து இன்றும் அம்மலைக்காற்றை மணக்கச் செய்கின்றன. வாடாதது மறைந்தது, வாடுவது நிலைத்தது. ஆகவே, நிலைபேற்றினால் ஆறுதல் உண்டாகும் என்னும் கொள்கை இவ்விடத்தே நெகிழ்கின்றது.

நிலைபேறன்றாயின், அழகே ஆறுதலுக்குக் காரணமாகுமோ எனின், அதுவும் பொருந்தாது. ஒல்லையூர்கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துபட்டபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய 242ஆம் புறப்பாட்டைக் காண்க. வள்ளல் மாய்ந்த நாட்டில் இளைஞரும் மகளிரும் பாணரும் பூச்சூடுவதை ஒழிந்தனர். அந்நிலையிலும் முல்லைக்கொடி தன் பருவம் தவறாது பூத்து நிற்கின்றது. அதனைக் கண்ட புலவர்க்கு ஆறுதல் தோன்றவில்லை. சினமும் துயருமே தோன்றின. நீயும் மலர்தல் தகுமோ என்று அம்முல்லையையே கடிந்து வினவுகின்றார். பறம்பிற் பாரி தன் தேரையே ஈந்ததும் ஒரு முல்லைக்கே. ஒல்லையூரிற் கடியப்பட்டதும் ஒரு முல்லையே. மலரின் வெண்மையிலும் மணத்திலும் யாதொரு குறைவுமில்லை. அழகுதானே ஆறுதலாமாயின், கீரத்தனார்க்கும் அம்முல்லை ஆறுதலாதல் வேண்டும். ஆகாமைக்குக் காரணம் யாது? கொய்வாரில்லை, கொடுப்பாரில்லை, சூடுவாரில்லை. கொடையோடு பொருந்தாது தனியே நின்ற பூ புண்பட்ட நெஞ்சில் வேலாயிற்று.

இவ்விரு செய்திகளாலும் பெறப்படுவது யாதெனின், பூவின் ஆறுதல் அதன் நிலைபேற்றிலும் இல்லை, அழகிலும் இல்லை, அதனைக் கொடுத்தலில் உளது என்பதேயாம். ஏனைச் செல்வங்களைப் பதுக்கி வைத்தல் கூடும். நெல்லைக் குதிரில் வைக்கலாம். பொன்னைப் பேழையிற் பூட்டலாம். பூ ஒன்றே பதுக்கி வைத்தற்கு இயலாத செல்வம். இன்று கொடாத பூ நாளை எருவாம். ஆதலின் பூவைக் கையிலேந்தியவன் கொடுத்தே தீர்தல் வேண்டும். கொடுக்குங்கால் மீண்டும் பெறுவேம் என்னும் எண்ணமும் அவனுக்கு எழுதற்கு இடமில்லை. கொள்வானும் அதனை வைத்திருந்து காக்கும் கடன் இல்லாதவன். ஒருவர்க்கும் சுமையாகாத கொடை இதுவே. பிரிந்தார்க்கு ஏதேனும் செய்ய நெஞ்சு துடிக்கின்றது. அவரோ ஒன்றையும் பெறும் நிலையிலில்லை. அப்பொழுது, கைம்மாறு வேண்டாததும், வைத்துக்கொள்ள வேண்டாததுமாகிய பூவையன்றி வேறு எதனைக் கொடுத்தல் இயலும்? கார்மேல் மலைக்குகையிற் பூப்பரப்பிய கைகளும், இன்று நம்மூர்ச் சுடுகாட்டில் ஒரு பிடி பூத்தூவும் கைகளும் செய்வது ஒன்றே. இனிக் கைக்கொள்ள இயலாத ஒருவரைப் போகவிடுதற்கு அக்கைகள் அப்பொழுதிற் கற்றுக்கொள்கின்றன.

இவ்வுண்மையை நம் சைவ நன்மக்கள் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்து நாள்வழிபாட்டில் அமைத்தனர். திருப்பள்ளித்தாமத்திற்கு நேற்றைப் பூ ஆகாது. வில்வம் முதலிய சிலவற்றிற்கே விலக்குண்டு. நாடோறும் வைகறையில் எழுந்து, புதிதாகக் கொய்து, புதிதாகத் தொடுத்து, புதிதாகச் சாத்துதல் வேண்டும். சோழர்காலத்துக் கல்வெட்டுக்களில் திருநந்தவனப்புறம் எனப் பூந்தோட்டங்களுக்கென்றே நிலம் விடப்பட்டமை காண்கின்றோம். திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூவையும் வைகறையிற் கொய்து பல்வகை மாலையாகத் தொடுத்தமை சேக்கிழார் பெருமானால் விரித்தோதப்பட்டது. நேற்றுச் செய்த அன்பு இன்றைக்குப் போதாது என்பதே இந்நியதியின் கருத்து. பூ வாடுதல் குறையாகாது. அன்பைப் புதுப்பித்தற்கு அது நாடோறும் வரும் அழைப்பாம்.

கொடுத்தலே பொருளாயின் பூவின் உயர்வு தாழ்வுகள் பொருளல்லவாதல் வேண்டும். அதுவும் நம் நூல்கட்கு உடன்பாடேயாம். யாரும் விரும்பிச் சூடாத எருக்கம்பூவாயினும், உடையவர் இடின் கடவுள் ஏலாமற் போவதில்லை என்று கபிலர் பாரியின் கொடையைப் பேசுமிடத்து 106ஆம் புறப்பாட்டிற் கூறினார். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என எண்ணப்படும் புறமலர் எட்டனுள் தாமரையோடு எருக்கும் ஒருங்கு நிற்றல் நோக்குக. அவற்றிற்கு இணையாகக் கொல்லாமை, பொறியடக்கம், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்னும் அகமலர் எட்டும் ஓதப்படுகின்றன. அகமலர்களும் பதுக்கி வைத்தற்கு இயலாதனவே; பொறுமையும் அருளும் செலவிட்ட பொழுதன்றி உளவாதல் இல்லை. திருக்காளத்தியில் கண்ணப்பர் தம் குடுமியிற் செருகிக் கொணர்ந்த மலர் எவ்விதிக்கும் உட்பட்டதன்று, எனினும் ஏற்கப்பட்டது. சாக்கிய நாயனார் எறிந்த கல்லும் பூவாக ஏற்கப்பட்டது.

கல்லும் பூவாமெனின், பூவே வேண்டா என்று சிலர் கூறுவர். அற்றன்று. சாக்கியர்க்கு உள்ளம் முன்னரே கனிந்திருந்தது. நமக்கோ அது கனிதல் வேண்டும். கனிவிக்கும் கருவியாகப் பூ நிற்கின்றது.

இனி, பூவின் அருகே நிற்கும் நாரைப்பற்றிச் சிறிது கூறுதும். பூத்தொடுப்பார் வாழைநாரை நீரில் நனைத்தே கைக்கொள்வர். உலர்ந்த நார் முறியும். அன்றிப் பூங்காம்பை அறுக்கும். நனைந்த நார் வளைந்து கொடுத்துப் பூவைப் பற்றுமளவிற் பற்றும். நாருக்குத் தனக்கென மணமில்லை. பூவைச் சார்ந்தபின் பூமணமே அதன் மணமாம். பூவோடு சேர்ந்த நார் என்று நம் பாட்டியர் பழமொழியாற் கூறுவது இதனையே. சைவசித்தாந்தம் ஆன்மாவின் இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று கூறும். பாசத்தைச் சார்ந்துழிப் பாசமாயும், பதியைச் சார்ந்துழிச் சிவமாந்தன்மை எய்தியும் நிற்பது உயிர். அது நாரை ஒத்தது. திருவருள் மணத்தை ஒத்தது. ஓரியின் மணிக்குவளையைத் தாங்கிய வெள்ளிநார் விலையால் உயர்ந்ததே; ஆயினும் அதன்மேல் எம்மணமும் ஏறுதற்கு வழியில்லை. அது நனையாது, நெகிழாது.

நாரை நனைப்பது நீர். உயிரை நனைப்பது யாது? அன்பு நனைக்கும், அதனினும் விரைவாகத் துயர் நனைக்கும். இழந்தவன் உள்ளம் செருக்கற்று நெகிழ்ந்து நிற்கின்றது. யான் எனது என்று இறுகிக் கிடந்தது தளர்கின்றது. துயர் தானே நன்மையாம் என்று கூறவந்தேமல்லேம். நனைந்த நாரும் பூவைச் சாராது கிடப்பின் அழுகியே போம். நெகிழ்ந்த உள்ளத்திற்கு உடனே ஒரு பற்றுக்கோடு வேண்டும். அப்போழ்து ஒரு பூவைக் கையிற் கொடுத்து, இதனைத் தொடுப்பாயாக, இதனை இடுவாயாக என்று கூறுதல், அவ்வுள்ளம் மணத்தைச் சாருதற்குச் செய்யும் பேருதவியாம். பூவில் மக்கள் காணும் ஆறுதலின் உட்பொருள் இதுவென்க.

இங்கே ஒரு தடை எழும். திருவாரூரிற் கழற்சிங்க நாயனாருடைய அரசி, பூமண்டபத்தின் அருகே வீழ்ந்து கிடந்த மலரை எடுத்து மோந்ததற்காகச் செருத்துணை நாயனார் அவள் மூக்கையும், கழற்சிங்கர் அவள் கையையும் தடிந்தனர் என்று பெரியபுராணம் கூறுகின்றதே. பூவினிடத்து இத்துணைக் கடுமை உடைய நெறி, ஆறுதலைப் பேசுவது எவ்வாறு என்பர். அடியார் செயல்களுள் வன்றொண்டு எனப்படுவன அவரவர் அன்பின் முறுகிய நிலையில் நிகழ்ந்தன. பிறர் எடுத்து நடத்தற்குரிய விதிகளாகச் சேக்கிழார் அவற்றை வைத்தாரல்லர். அவ்வரலாற்றினின்று நாம் கொள்ளற்பாலது, இறைவனுக்கென்று ஒதுக்கிய பூவைத் தன்னின்பத்திற்கு எடுத்துக்கொள்ளலாகாது என்னுமளவே. கொடுத்தற்குரியதைக் கொள்ளுதல் பிழை என்பதும், கொடுத்தலிலேயே ஆறுதல் உளது என்பதும் ஒரே உண்மையின் இருபுறங்களாம்.

இதுகாறும் கூறியவற்றை ஏற்பார், நம்மிடையே வழங்கும் வழக்கமொன்றை நேர்நின்று ஆராய்தல் வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்குத் தமிழ்நாட்டிற் பல குடிகளில் பூ மறுக்கப்படுகின்றது. இழவுச் சடங்கில் அவளைக் கடைசிமுறையாகப் பூச்சூட்டி உட்காரவைத்து, பலர்காணப் பின் அதனைக் களைகின்றனர். மங்கல நிகழ்ச்சிகளில் அவள் கையாற் பூக்கொடுப்பதும் விலக்கப்படுகின்றது. சிற்சில இடங்களிற் கோயிலுள்ளும் அவள் ஒதுக்கப்படுகின்றாள். இவ்வழக்கம் பழமையுடையதே, கைம்மை நோன்பின் கடுமை சங்கச் செய்யுட்களிலும் காணப்படுகின்றது. ஆயினும் பழமை ஒன்றே பற்றி ஒன்று அறமாகாது.

பூ மங்கலப் பொருள். கணவனை யுடையாளே மங்கலை. ஆதலின் மற்றையாளுக்கு அஃது ஆகாது என்பது இவ்வழக்கத்தைத் தாங்குவார் கூற்று. இக்கூற்றில் இரண்டு குற்றங்கள் உள. பெண்மகவு தவழும் பருவத்திலேயே தாய் அதற்குப் பூச்சூட்டி மகிழ்கின்றாள்; தாலி கணவன் கட்டியது, பூவோ அவன் கொணர்ந்ததன்று. அவன் கொணராததை அவனோடு கொண்டுபோதல் எந்நீதி? இஃது ஒன்று. இனி, பூ மங்கலத்திற்கே உரியதாயின் பாடையின்மேல் அதனைக் குவிப்பானேன்? இறந்தானுக்கு மலையெனக் குவித்துவிட்டு, இருக்கின்றாளிடமிருந்து ஓரிதழும் எஞ்சாமற் களைகின்றோம். உணர்வில்லாத உடம்பிற்கு ஈந்ததை உணர்வுடைய உயிருக்கு மறுக்கின்றோம். நாரெல்லாம் நனைந்து நிற்கும் அந்நாளில், பூவை அதன் அருகே வாராமல் விலக்குகின்றோம். துயருற்றார்க்குப் பூவே ஆறுதல் என்று உலகம் முழுதும் அறிந்ததை, மிகத் துயருற்றாள் ஒருத்தி திறத்தில் மட்டும் மறந்துவிடுகின்றோம்.

திருவதிகைத் திலகவதியாரை நினைக்க. தமக்கு உறுதிசெய்யப்பெற்ற கலிப்பகையார் போரில் மாய்ந்தார் என்று கேட்டு உயிர்நீப்பத் துணிந்தவர், தம்பியார் மருணீக்கியார் பொருட்டு உயிர் தாங்கினார். பொன்னணிகளைத் துறந்தார், பூத்தொடுத்தலைத் துறந்திலர். விடியுமுன் எழுந்து திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மலர்கொய்து, மாலை தொடுத்து வீரட்டானத்து இறைவர்க்குத் தொண்டுசெய்தார் என்று சேக்கிழார் கூறுகின்றார். அப் பூத்தொடுத்த கைகளே, சூலைநோயால் நொந்துவந்த தம்பியார்க்குத் திருநீறும் அளித்தன. அக்கைகளை அமங்கலம் என்று ஒருவர் விலக்கியிருப்பின், திருநாவுக்கரசரை நாம் பெறுதல் எங்ஙனம்? திலகவதியார் பொன்னைத் துறந்தது பிறர் வலிந்து களைந்ததனால் அன்று. தம் உள்ளத் துணிவினால். துறத்தலும் சூடுதலும் அவளவள் உள்ளத்திற்குரியன. ஊரார் கைக்கு உரியன அல்ல.

நாடும் மெல்ல மெல்ல இதனை உணர்ந்து வருகின்றது. கைம்பெண் மறுமணச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே பிறந்தது. மகாராட்டிரத்துக் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்னும் சிற்றூர் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், கணவனை இழந்தாளின் குங்குமத்தை அழித்தலும் வளையை உடைத்தலும் போன்ற சடங்குகளை ஒழிப்பதென ஊரவைத் தீர்மானம் செய்தது. நம் ஈரோடு மாவட்டத்துக் கோயிலொன்றில் கைம்பெண் என்பது பற்றி ஒருவரை நுழையவிடாது தடுத்த வழக்கில், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையைக் கண்டித்து, பெண்ணுக்குத் தனக்கெனவே நிலையும் மதிப்பும் உண்டு என்னும் கருத்தை வலியுறுத்திற்று. ஆயினும் சட்டம் கோயில்வாயில் வரையே செல்லும்; இழவுவீட்டு அறையினுள் ஒரு முதியவள் கை பூவைக் களைய நீளும்போது அதனைத் தடுத்தற்கு உரியது சுற்றத்தார் நெஞ்சேயாம்.

ஆதலின் சைவ நன்மக்கள் இதனைத் தம் இல்லங்களிலே தொடங்குதல் நன்று. பிறர் துயர்வீட்டிற்குச் செல்லுங்கால் இறந்தார்க்கு மாலை கொண்டுசெல்வது போலவே, உள்ளிருந்து அழுவாள் கையிலும் இரண்டு பூவைக் கொடுத்தல் வேண்டும். அவள் சூடினும் சூடுக. இறைவன் திருவுருவின்முன் இடினும் இடுக. வெறுமனே கையில் வைத்திருப்பினும் இருக்க. கோயில்களில் பூத்தொடுக்கும் திருப்பணியில் இத்தகைய அம்மையார்களை முன்னின்று வரவேற்றல் வேண்டும். அறம் என்னும் சொல்லையே பெயரிற் பூண்ட அறப்பள்ளிக்கு ஆடிப்பெருக்கன்று மலையேறும் குடும்பத்தார், கணவனை இழந்த தம் தமக்கையையும் தாயையும் உடனழைத்துச் சென்று, அறம்வளர்த்த நாயகி திருமுன் அவர் கையாலேயே பூவிடச் செய்வாராயின், அவ்வம்மையின் திருப்பெயர் அன்று பொருளுடையதாம்.

மணிக்குவளை தந்த ஓரியின் காலம் சென்றது. அவன் கானத்துப் பூக்களை நமக்கு விற்பாருமில்லை, விலக்குவாருமில்லை. காற்று அவற்றின் மணத்தை மணந்தார், துறந்தார், இழந்தார் என்று வேறுபாடு பாராது எல்லார்க்கும் கொண்டுபோய்க் கொடுக்கின்றது. காற்றுக்குள்ள இவ்வறிவு நமக்கும் உண்டாகத் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்